சக வித்வானின் காது

ஒரு வித்வானின் கச்சேரியை ரஸிகன் கேட்பது ஒரு விதம். இன்னொரு வித்வான் கேட்பது வேறு விதம். ரஸிகன் சொக்கிப்போய்த் தலையை ஆட்டுகிற இடத்தில் சக வித்வான் விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். சபை முழுவதும் கை தட்டும்போது சும்மா இருந்துவிட்டு, யாரும் கவனிக்காத ஓர் இடத்தில் மெதுவாக "ஆஹா!" என்பான். மேடையில் இருப்பவனுக்கு அந்த ஒரு "ஆஹா" போதும். அது வராமற்போனாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சபையோடு முடிகிற விஷயம். அப்படிக் கேட்டவன் தன் அபிப்பிராயத்தைப் பத்திரிகையில் அச்சடித்து ஊருக்கெல்லாம் தெரிவிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில், ஜாஸ் உலகத்தில், இது நடந்தது.

ஜாஸ் என்றதும் காதைப் பிளக்கும் பாண்டு வாத்தியம்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வருகிறது. அது நியாயமில்லை. கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த சங்கீதம் அது. ஒரு சிறு பாட்டைச் சட்டமாக வைத்துக்கொண்டு, அதற்குள் ஒவ்வொரு வாத்தியக்காரனும் அந்த க்ஷணத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நம் கற்பனாஸ்வரத்தைப் போல, அன்று வாசித்தது அன்றோடு போய்விடும். இசைத்தட்டு ஒன்றுதான் அதைப் பிடித்து வைக்கும். 1948-ல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வருகிற வரையில், பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான். அந்த மூன்று நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் ஒருவன் இன்னொருவனிடம் பாடம் படித்தான், போட்டி போட்டான், பொறாமைப்பட்டான்.

லண்டனிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய லெனார்ட் ஃபெதர் என்ற விமரிசகருக்கு 1946-ல் ஒரு யோசனை தோன்றியது. ஒரு வித்வானை உட்கார வைத்து, யாருடையது என்று சொல்லாமல் தட்டுக்களைப் போட்டுக் காட்டுவது. அவர் சொல்லுகிற அபிப்பிராயத்தை அப்படியே அச்சிடுவது. இதற்குக் 'கண்கட்டுப் பரீட்சை' என்று பெயர் வைத்தார். முதலில் பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ வித்வாம்ஸினி. 'மெட்ரோனோம்' பத்திரிகையில் ஆரம்பித்த இந்தப் பகுதி 1951-ல் 'டவுன் பீட்' பத்திரிகைக்கு மாறியது. வித்வானின் வாயிலிருந்து வருகிற வார்த்தை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மார்க்குப் போடுகிற மாதிரி நட்சத்திர மார்க்கு, கூடவே கொஞ்சம் வம்பு. வாசகர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

ராய் எல்ட்ரிட்ஜ் என்ற டிரம்பெட் வித்வான் விஷயத்தில் அது வெறும் வம்பாக இல்லை. கறுப்பரான அவர் வெள்ளையர்களுடைய பெரிய பாண்டுகளில் சேர்ந்து வாசித்தவர். வாசலில் விளம்பரப் பலகையில் அவர் பெயர் இருக்கும். காவல்காரன் அவரை உள்ளே விட மாட்டான். பட்ட அவமானங்கள் போதும் என்று பாரிஸுக்குப் போய்ச் சில காலம் இருந்துவிட்டு, 1951-ல் திரும்பினார். வெள்ளையன் வாசிப்பது எது, கறுப்பன் வாசிப்பது எது என்று கேட்ட மாத்திரத்தில் தன்னால் சொல்லிவிட முடியும் என்று ஃபெதரிடம் பந்தயம் கட்டினார். தட்டுக்கள் சுழன்றன. சரியாகச் சொன்னதைவிடத் தவறாகச் சொன்னதே அதிகம். தோற்றதை அவரே ஒப்புக்கொண்டார். ஃபெதருக்கு ஜயம்தான், ஆனால் இந்த ஜயத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் ஏற்படவில்லை. காதுக்கு நிறம் தெரியாது என்பது நிரூபணமாயிற்று, வாஸ்தவம். காவல்காரனுடைய கண்ணுக்கு நிறம் தெரிந்ததே, அதை எந்தத் தட்டு மாற்றியது?

இந்தச் சமயத்தில் நியூயார்க்கில் இரண்டு பேர் வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சார்ல்ஸ் மிங்கஸ். ஆளுயரம் நிற்கிற பேஸ் வாத்தியக்காரர், பாட்டு இயற்றுபவர், இடையில் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், மகா கோபக்காரர். இன்னொருவர் டிரம்ஸ் வாசிக்கும் மாக்ஸ் ரோச். தட்டுக் கம்பெனிகளிடம் கை கட்டி நிற்பானேன், நாமே கம்பெனி நடத்தினால் என்ன என்று, 1952-ல் 'டெபூ' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். மிங்கஸின் மனைவி ஸீலியாவும் சேர்ந்து பாடுபட்டார். பெரிய கம்பெனிகள் கவனிக்காத பால் ப்ளே, தாட் ஜோன்ஸ் போன்ற இளைஞர்களின் தட்டுக்களை வெளியிட்டார்கள். எது நல்ல சங்கீதம், எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை வாசிக்கிறவர்களே தீர்மானித்தார்கள். அச்சில் வராத விமரிசனம் என்றே இதைச் சொல்லலாம்.

அவர்களுக்குக் கிடைத்த பெரிய புதையல் 1953 மே 15-ம் தேதி கானடாவில் டொரான்டோ நகரத்து மாஸி ஹாலில் நடந்த கச்சேரி. சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மிங்கஸ், ரோச் ஆகிய ஐந்து பேரும் ஒரே மேடையில். அதே இரவில் சிகாகோவில் மார்சியானோவுக்கும் வால்காட்டுக்கும் குத்துச்சண்டை. ஜனங்களுக்கு அதில்தான் நாட்டம். ஹாலில் கூட்டம் இல்லை. பேசிய பணத்தைக் கொடுக்க நடத்தியவர்களால் முடியவில்லை. பார்க்கர் அன்று வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன்! ஆனாலும் அதை ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். மிங்கஸ் அதை ஊருக்கு எடுத்து வந்து, தம் பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்று அதை மட்டும் மறுபடி வாசித்துச் சேர்த்து, தம் கம்பெனித் தட்டாக வெளியிட்டார். பார்க்கருக்கு வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் தட்டில் அவர் பெயர் 'சார்லி சான்' என்று இருந்தது. கேட்டவர்கள் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். சில வித்வான்களின் கையெழுத்து அவர்கள் மூச்சிலேயே இருக்கிறது.

மைல்ஸ் டேவிஸும் 1955 ஜூலையில் இந்தக் கம்பெனிக்காக ஒரு தட்டு வாசித்துக் கொடுத்தார். பேஸ் வாசித்தவர் மிங்கஸ். சில மாதங்கள்தான் ஆயின. 'டவுன் பீட்' பத்திரிகையில் மைல்ஸின் அபிப்பிராயம் வெளிவந்தது. மிங்கஸ் எழுதுகிற உருப்படிகளில் சில, களைத்துப்போன நவீன ஓவியங்களைப் போல இருக்கின்றனவாம்; கேட்டால் மனச்சோர்வு உண்டாகிறதாம். விமரிசகன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் மிங்கஸ் அவனைத் திட்டிவிட்டு மறந்திருப்பார். சொன்னவன் கூட நின்று வாசித்தவன் அல்லவா?

1955 நவம்பர் 30-ம் தேதி இதழில் மிங்கஸ் மைல்ஸுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கோபக்காரர் எழுதிய கடிதம் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பார்க்கரின் பரீட்சை, தம்முடைய பரீட்சை, மைல்ஸின் பரீட்சை, மைல்ஸ் மீண்டும் எழுந்து வந்ததைப் பற்றிய கட்டுரை என்று நாலு இதழ்களை நினைவுபடுத்திக்கொண்டு ஆரம்பிக்கிறார். பார்க்கர் அந்த மார்ச் மாதம்தான், முப்பத்து நாலாம் வயதில், காலமாகியிருந்தார். அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர்களில் ஒருவன் இன்னொருவனை இப்படிப் பேசலாமா என்பதுதான் கடிதத்தின் அடியில் ஓடுகிற ஆதங்கம். ப்ருக்ளின் கச்சேரி ஒன்றில் மைல்ஸ், பியானோ வாசித்த மங்க்கின் ஸ்வரங்கள் தப்பு என்று அவரைச் சும்மா இருக்கச் சொன்ன கதையையும் எடுத்துக் காட்டுகிறார். தம் சங்கீதத்தில் கோபம் இருக்கிறது, அது கோபம் என்று அதற்கே தெரியும், ஆகையால் அது பொய்யல்ல என்கிறார். தன் தட்டுக்கு வந்த மதிப்புரைக்கு ஒரு வித்வான் எழுதிய பதில்களில் இவ்வளவு மனம் திறந்த ஒன்றை நான் படித்ததில்லை.

டெபூ கம்பெனி 1957-ல் மூடப்பட்டது. நல்ல காது இருந்தால் மட்டும் கடை நடக்காது; கணக்கும் கடையும் வேறு வித்தை.

வசை இப்படி என்றால், புகழ் என்ன செய்தது என்று பார்க்கலாம். இது இன்னும் விசித்திரமானது.

1958 நவம்பரில் நாட் ஹென்டாஃப், மார்ட்டின் வில்லியம்ஸ் என்ற இரண்டு விமரிசகர்கள் 'தி ஜாஸ் ரிவ்யூ' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். வாத்தியக்காரர்களையே மதிப்புரை எழுதச் சொன்னது அதன் விசேஷம். பேஸ் வாசிக்கிற பில் க்ரோ எழுதினார். பியானோ வாசிக்கிற டிக் காட்ஸ் எழுதினார். சாக்ஸபோன் காணன்பால் ஆடர்லி எழுதினார். முதல் இதழிலேயே கன்தர் ஷுல்லரின் நீண்ட கட்டுரை ஒன்று. ஷுல்லர், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் ஹார்ன் வாசித்தவர். மைல்ஸின் தட்டு ஒன்றிலும் வாசித்தவர். ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதமும் ஜாஸும் இரண்டும் கை வந்தவர்.

அவர் எடுத்துக்கொண்டது சன்னி ரோலின்ஸ் என்ற சாக்ஸபோன் வித்வான் 1956-ல் பதிவு செய்த தட்டில் உள்ள 'ப்ளூ செவன்' என்ற உருப்படி. பதினொரு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. டிரம்ஸ் நம் மாக்ஸ் ரோச்தான். பொதுவாக மனோதர்மமாக வாசிக்கிறவர்கள் ஒரு யோசனை முடிந்ததும் அடுத்தது என்று கோத்துக்கொண்டே போவார்கள். ரோலின்ஸோ ஆரம்பத்தில் வாசித்த சிறு துணுக்கைத் திருப்பித் திருப்பி எடுத்து, உடைத்து, விரித்து, முழு வாசிப்பையும் ஒரே கட்டடமாக எழுப்பியிருக்கிறார். ரோச்சின் தனி வாசிப்பும் அதே அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது என்று ஷுல்லர் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் காட்டினார். அதுவரை யாரும் ஜாஸ் தட்டு ஒன்றை இவ்வளவு மரியாதையோடு ஆராய்ந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ரோலின்ஸ் அதைப் படித்தார். படித்துக் குழம்பினார். தான் பாட்டுக்கு வாசித்த ஒன்றுக்கு இத்தனை கணக்கா? அடுத்த தடவை வாத்தியத்தை எடுத்தபோது, வாசிக்கிற தன்னைத் தானே கவனிக்க ஆரம்பித்துவிட்டார். நடந்துகொண்டிருப்பவனிடம், "முதலில் எந்தக் காலை எடுத்து வைக்கிறாய்?" என்று கேட்டால் கால் பின்னிக்கொள்ளுமே, அந்தக் கதைதான். இனித் தன்னைப் பற்றி எழுதுவதைப் படிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

1959-ல் அவர் மேடையை விட்டே விலகினார். இதற்குக் கட்டுரைதான் காரணம் என்று சொன்னால் கதை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையாகாது. பெயர் பரவிய அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவர் நினைத்ததுதான் பெரிய காரணம். புகழ் ஏற ஏற, அந்த இடைவெளி அவர் கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் சாதகம் செய்ய முடியவில்லை. பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார், அவரைத் தொந்தரவு செய்ய ரோலின்ஸுக்கு மனசில்லை. வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். கீழே ஈஸ்ட் நதி, பக்கத்தில் ரயில் ஓடுகிற சத்தம், குளிர், காற்று. அங்கே நின்று மணிக்கணக்காக வாசித்தார். ஒரு பத்திரிகைக்காரர் தற்செயலாகப் பார்த்துவிட்டு, ஆளின் பெயரையும் பாலத்தின் பெயரையும் மாற்றி 1961-ல் 'மெட்ரோனோம்' பத்திரிகையில் எழுதினார். நல்ல மனிதர்! அந்த வருஷக் கடைசியில் ரோலின்ஸ் மேடைக்குத் திரும்பினார். 1962-ல் வந்த தட்டுக்கு 'தி பிரிட்ஜ்' என்றே பெயர். வித்வான்களை எழுத வைத்த 'ஜாஸ் ரிவ்யூ' 1961 ஜனவரியோடு நின்றுபோயிற்று.

கண்கட்டுப் பரீட்சை மட்டும் நிற்கவில்லை. 1964 ஜூன் 18-ம் தேதி 'டவுன் பீட்' இதழில் மைல்ஸ் டேவிஸ் மறுபடியும் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தார். ஃபெதர் போட்ட தட்டுக்களில் ஒன்று 'மனி ஜங்கிள்': மூத்தவரான ட்யூக் எல்லிங்டனோடு மிங்கஸும் ரோச்சும் சேர்ந்து 1962-ல் வாசித்தது. மைல்ஸ் பொரிந்து தள்ளினார். எல்லிங்டனால் இவர்களோடு வாசிக்க முடியாது, இவர்களாலும் அவரோடு முடியாது, இவர்களைச் சேர்த்து வைத்த கம்பெனியைத்தான் உதைக்க வேண்டும் என்றார். அன்று பதிவின் நடுவே மிங்கஸ் கோபித்துக்கொண்டு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறியதும், எல்லிங்டன் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வந்ததும் பிற்பாடு தெரிந்த செய்தி. மூவருக்கிடையில் இருந்த அந்த உரசல் மைல்ஸின் காதில் விழுந்திருக்கிறது. அந்த மட்டில் அது அபாரமான காது. அந்த உரசலே தட்டின் உயிர் என்று எனக்குப் படுகிறது. மைல்ஸுக்கு அப்படிப் படவில்லை.

அடுத்து எரிக் டால்ஃபியின் தட்டு. டால்ஃபி சாக்ஸபோன், புல்லாங்குழல், பேஸ் கிளாரினெட் எல்லாம் வாசித்தவர். பல வருஷங்கள் மிங்கஸின் கூட்டத்தில் விட்டு விட்டு இருந்தவர். அடுத்த தடவை இவரைப் பார்க்கும்போது இவர் காலை மிதிக்கப்போகிறேன் என்று மைல்ஸ் சொன்னார். ஏப்ரல் மாதத்தில் மிங்கஸோடு ஐரோப்பா சுற்றுப்பயணம் போயிருந்த டால்ஃபி, ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். தமக்கு நீரிழிவு இருந்தது தெரியாமலே பெர்லினில் நினைவிழந்து, ஜூன் 29-ம் தேதி காலமானார். மைல்ஸின் வார்த்தை அச்சேறிய இதழின் தேதிக்குப் பதினோராம் நாள். முப்பத்தாறு வயது. அந்தப் பிப்ரவரியில் அவர் பதிவு செய்திருந்த 'அவுட் டு லஞ்ச்' என்ற தட்டு அவர் போன பிறகே வெளிவந்தது.

இந்தத் தடவை மிங்கஸ் கடிதம் எழுதவில்லை. அந்த ஜூலையில் தமக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு எரிக் டால்ஃபி மிங்கஸ் என்று பெயர் வைத்தார்.