சிறுத்தைப் பல்லி நிற வகைகளின் வரலாறு

சிறுத்தைப் பல்லி என்பது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழும் ஒரு பல்லி இனமாகும். யூப்லெஃபாரிஸ் மாகுலாரியஸ் என்பது இதன் அறிவியல் பெயர். இன்று உலகில் மிகுதியாக வளர்க்கப்படும் செல்லப் பிராணிப் பல்லிகளுள் இதுவும் ஒன்று. காட்டில் மஞ்சள் உடலில் கரும்புள்ளிகளோடு காணப்படும் இப்பல்லி, மனிதர் வளர்ப்பில் ஐம்பது ஆண்டுகளுக்குள் வெள்ளை, ஆரஞ்சு, புள்ளியற்றது எனப் பல நிற வகைகளாகப் பிரிந்தது. அந்த நிறங்களுள் சில, பல்லியின் உடல்நலத்தை விலையாகக் கேட்டன.

இயற்கை நிறம்

கொல்கத்தாவில் வங்காள ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், 1854ஆம் ஆண்டு இவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டார். அவர் விவரித்த பல்லி பஞ்சாபின் உப்புமலைத் தொடரைச் சேர்ந்தது. வீட்டுப் பல்லியைப் போலன்றி, சிறுத்தைப் பல்லிக்கு அசையும் கண்ணிமைகள் உண்டு. சுவரில் ஒட்டி ஏறும் விரல் தகடுகள் இல்லை. குஞ்சுகளின் உடலில் கருமையும் மஞ்சளுமாகப் பட்டைகள் இருக்கும். வளர வளர அப்பட்டைகள் சிதைந்து புள்ளிகளாக மாறும்.

தோலின் நிறத்தை மூன்று வகைச் செல்கள் உருவாக்குகின்றன. மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளைக் கொண்டவை சாந்தோஃபோர்கள். கருநிறமி கொண்டவை மெலனோஃபோர்கள். நிறமிக்குப் பதிலாக நுண்படிகங்களைக் கொண்டு ஒளியைப் பிரதிபலித்து வெண்மை தருபவை இரிடோஃபோர்கள். இச்செல்களின் எண்ணிக்கையோ செயலோ மாறினால் நிறமும் மாறும்.

வளர்ப்பின் தொடக்கம்

1970களிலிருந்து அமெரிக்காவில் இப்பல்லியைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வது பரவியது. இதன் உடல் சிறியது, குணம் சாதுவானது, பூச்சிகளே உணவு, பெண் பல்லி ஒரு பருவத்தில் பலமுறை இரண்டிரண்டு முட்டைகளாக இடும். முட்டை பொரிக்கும் வெப்பநிலையே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது. சுமார் 26 பாகை செல்சியசில் பெண் குஞ்சுகளும், 32.5 பாகையளவில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளும், 34 பாகைக்கு மேல் மீண்டும் பெண் குஞ்சுகளும் பிறக்கின்றன. எனவே வளர்ப்போர் தமக்கு வேண்டிய பாலினத்தைப் பெருமளவு தாமே தெரிவு செய்ய முடிந்தது. வெப்பநிலை நிறத்தையும் ஓரளவு பாதிப்பதால், நல்ல நிறமுள்ள பல்லியின் குஞ்சுகளுக்கு அதே நிறம் அமையும் என்ற உறுதி இல்லை.

இரண்டு வழிகள்

நிற வகைகள் இரண்டு வழிகளில் உருவாயின. முதலாவது, படிப்படியான தெரிவு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆரஞ்சு நிறம் மிகுந்த குஞ்சுகளை மட்டும் இணைசேர்த்து 'டேன்ஜரின்' வகை பெறப்பட்டது. இதில் பல மரபணுக்கள் சேர்ந்து செயல்படுகின்றன.

இரண்டாவது, தற்செயலாகத் தோன்றும் சடுதிமாற்றத்தைப் பற்றிக்கொள்வது. 1990களில் தோன்றிய அல்பினோ வகைகள் இதற்குச் சிறந்த சான்று. கருநிறமி மட்டும் இல்லாது போவதால் இவற்றில் மஞ்சளும் ஆரஞ்சும் எஞ்சி நிற்கின்றன. 1996இல் டிரெம்பர் வகையும், அடுத்த சில ஆண்டுகளில் ரெயின்வாட்டர், பெல் வகைகளும் அறியப்பட்டன. மூன்றும் அவற்றை வளர்த்தோரின் பெயர்களைத் தாங்கியவை. மூன்றும் ஒடுங்கு பண்புகள். ஆனால் ஒரு டிரெம்பர் அல்பினோவையும் ஒரு பெல் அல்பினோவையும் இணைத்தால் இயல்பான நிறமுள்ள குஞ்சுகளே பிறக்கின்றன. ஒன்றில் பழுதான மரபணு மற்றதில் நலமாக இருப்பதே காரணம். இதிலிருந்து இவை வெவ்வேறு சடுதிமாற்றங்கள் என்பது தெளிவானது.

ஒடுங்கு பண்பு வெளிப்பட, அம்மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். புதிய நிறம் ஒரே ஒரு பல்லியில் தோன்றும்போது, அதை அதன் குஞ்சுகளோடே இணைப்பது வழக்கமாயிற்று. இத்தகைய நெருங்கிய உறவுக் கலப்பில், மறைந்திருக்கும் பிற குறைபாடுகளும் வெளிப்பட வாய்ப்புண்டு.

நிறத்தோடு வந்த நோய்

2000களில் பரவிய 'எனிக்மா' வகை, ஒழுங்கற்ற புள்ளிகளால் பெரிதும் விரும்பப்பட்டது. இப்பல்லிகள் பலவற்றில் தலை சாய்தல், வட்டமிட்டுச் சுற்றுதல், இரையைக் குறிதவறிக் கவ்வுதல் போன்ற நரம்புக் கோளாறுகள் காணப்பட்டன. இப்பண்பு ஓங்கு பண்பாகும். நிறத்தைத் தக்கவைத்துக் கொண்டு கோளாறை மட்டும் நீக்க வளர்ப்போர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை.

அடுத்து வந்தது 'லெமன் ஃப்ராஸ்ட்'. பளிச்சென்ற வெண்மையும் எலுமிச்சை மஞ்சளும் கலந்த இவ்வகையைச் சேர்ந்த 'மிஸ்டர் ஃப்ராஸ்டி' என்ற ஆண் பல்லியை, ஸ்டீவ் சைக்ஸ் என்ற வளர்ப்பாளர் 2015இல் ஏலத்தில் வாங்கிப் பெருக்கினார். அதன் வழிவந்த பல்லிகளின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றின. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாங்ஹுவா குவோ, லியோனிட் குருக்லியாக் ஆகியோர் சைக்சுடன் இணைந்து இக்கூட்டத்தின் மரபணுக்களை ஆராய்ந்தனர்.

2021இல் வெளியான முடிவு, ஸ்பின்ட்1 என்ற மரபணுவைச் சுட்டியது. இது கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் மரபணு. மனிதரின் மெலனோமா தோல் புற்றுநோயோடும் தொடர்புடையது. லெமன் ஃப்ராஸ்ட் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு இரிடோஃபோர் செல்களின் கட்டி உண்டாயிற்று. இரு பெற்றோரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்றவற்றின் தோல் தடித்துக் காணப்பட்டது. வெண்மையைத் தந்ததும் கட்டியைத் தந்ததும் ஒன்றே: வெண்செல்களின் அளவுக்கு மீறிய பெருக்கம்.

முக்கியத்துவம்

இந்த ஆய்வால், மரபணு ஆய்வுகள் குறைவாகவே நடந்திருந்த பல்லி, பாம்பு இனங்களுள் சிறுத்தைப் பல்லி ஓர் ஆய்வு விலங்காக இடம்பெற்றது. சைக்ஸ் லெமன் ஃப்ராஸ்ட் பல்லிகளைப் பெருக்குவதை நிறுத்திக்கொண்டார். எல்லா நிற வகைகளும் நோயுள்ளவை அல்ல. டேன்ஜரின் போன்ற பல வகைகள் நலமாக வாழ்கின்றன. நல்ல பராமரிப்பில் இப்பல்லி 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. எனவே புதிய நிறம் ஒன்று தோன்றியதும் அதை உடனே பெருக்கி விற்காமல், முதல் தலைமுறைகள் முதிரும்வரை கவனித்திருந்து, அது நிறமா நோயா என்று அறிந்த பின்னரே பரப்புவது நல்லது.