நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்குச் சொகுசு வந்த வழி

அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காக மோட்டார் வண்டியில் முதன்முதலில் கடந்தவர் ஜார்ஜ் வைமன். 1903 மே 16 அன்று சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு ஜூலை 6 அன்று நியூயார்க் போய்ச் சேர்ந்தார். காரில் கடந்த முதல் ஆள் வந்து சேர அதற்குப் பிறகும் இருபது நாள் ஆனது. வைமன் ஓட்டிய ‘கலிபோர்னியா’ வண்டி, கனத்த சைக்கிள் ஒன்றில் ஒன்றேகால் குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தித் தோல் பெல்ட்டால் பின்சக்கரத்தோடு இணைத்த அமைப்பு. மேற்குப் பகுதியில் சாலை என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தை ரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் மேலேயே ஓட்டினார். நியூயார்க் மாநிலத்துக்குள் நுழைந்த பிறகு எஞ்சின் கைவிட்டது. கடைசி 150 மைலை ஏறக்குறைய பெடல் மிதித்தே முடித்தார்.

அந்தக் கட்டைகளின் அடி ஒவ்வொன்றும் நேராக முதுகெலும்பில் இறங்கியிருக்கும். மோட்டார் சைக்கிளில் தொலைதூரம் போனவர்கள் முதலில் சண்டையிட்டது இந்தக் குலுக்கலோடுதான். வண்டியின் சட்டத்தை (ஃபிரேமை) நெகிழச் செய்வதைவிட சீட்டை நெகிழச் செய்வது எளிது என்பதால் கம்பெனிகள் அங்கே கைவைத்தன. ஹார்லி-டேவிட்சன் 1912-இல் சீட்டைத் தாங்கும் குழாய்க்குள்ளேயே சுருள் ஸ்பிரிங்கை வைத்தது. ‘இந்தியன்’ என்ற இன்னோர் அமெரிக்கக் கம்பெனி ஒரு படி முன்னே போய் 1913-இல் பின்சக்கரத்துக்கே பட்டை ஸ்பிரிங் கொடுத்தது. அந்த யோசனை அப்போது நிலைக்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் பெரிய அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகியே இருந்தது. ஹார்லியின் பெரிய வண்டிகளில் முன்பக்கத்துக்கு எண்ணெய் அடைத்த டெலஸ்கோபிக் ஃபோர்க் 1949-இல் வந்தது, பின்பக்கத்துக்கு ஷாக் அப்சார்பர் 1958-இல் வந்தது. செல்ஃப் ஸ்டார்ட் வர 1965 ஆயிற்று. இங்கிலாந்து இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. அங்கே ராயல் என்ஃபீல்டு புல்லட் 1949-லேயே பின்பக்க ஸ்விங் ஆர்ம், ஷாக் அப்சார்பரோடு விற்பனைக்கு வந்துவிட்டது. பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரானதும் அதே புல்லட்தான். முதுகைப் பொறுத்தவரை, 1950-களின் நடுவில் சென்னைக்காரர் ஓட்டிய 350 சிசி வண்டி அமெரிக்காவின் விலை உயர்ந்த வண்டியைவிட ஒரு கட்டம் முன்னேறியிருந்தது.

ஷாக் அப்சார்பர் குலுக்கலை அடக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறொரு தொல்லை தலைதூக்கியது. 1956-இல் அமெரிக்க அரசு 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் அமைக்கச் சட்டம் இயற்றியது. சிக்னல் இல்லாத, குறுக்குச் சாலை இல்லாத அந்தப் பாதைகளில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தை நாள் முழுக்கப் பிடிக்க முடிந்தது. காற்றின் அழுத்தமோ வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 60 கி.மீ.யில் மார்பைத் தடவிய காற்று 120-இல் நான்கு மடங்கு பலத்தோடு தள்ளும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கை அப்போது வண்டியைத் திருப்புவதோடு நிற்காமல், ஓட்டுபவரின் உடம்பை வண்டியோடு கட்டியிழுத்து வைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டு மணி நேரத்தில் தோள் இறுகுகிறது, கழுத்து வலிக்கிறது. குளிர்காலத்தில் விரல்கள் மரத்துப்போய் பிரேக் பிடிக்கவே தயங்கும்.

இதற்குக் கிடைத்த பழைய மருந்து, ஹேண்டில்பாரில் மாட்டும் விண்ட்ஷீல்டு. போலீஸ் வண்டிகளில் அது வெகுகாலமாக இருந்தது. மெதுவாகப் போகும்வரை குறை தெரியாது. வேகம் கூடினால் எதிர்காற்றில் பிடித்த குடை மாதிரி அது ஹேண்டிலைப் பிடித்து ஆட்டும். லாரி ஒன்று எதிரே கடந்தால் முன்சக்கரமே அசையும். காற்றைத் தடுக்கும் பொருள் திசைமாற்றும் உறுப்போடு கட்டப்பட்டிருந்ததுதான் கோளாறு.

அதைச் சரிசெய்தவர் எந்த மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பொறியாளரும் அல்ல. கிரெய்க் வெட்டர் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த தொழில் வடிவமைப்பாளர். 1971-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த ‘விண்ட்ஜாமர்’ ஃபேரிங் என்ற காற்றுத்தடுப்பு உறை, ஹேண்டில்பாரை விட்டுவிட்டு வண்டியின் சட்டத்தில் நேரடியாகப் பொருந்தியது. காற்று எவ்வளவு தள்ளினாலும் அந்தச் சுமை சட்டத்துக்குப் போகும், கைக்கு வராது. வெட்டரின் சாமர்த்தியம் வடிவத்தோடு நிற்கவில்லை. ஃபேரிங் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை மாட்டும் பிராக்கெட் மட்டும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி. இதனால் ஒரே அச்சில் வார்த்த பொருளை ஹோண்டாக்காரரும் கவாசாகிக்காரரும் பி.எம்.டபிள்யூ.காரரும் வாங்கினார்கள். ஹெட்லைட் ஃபேரிங்குக்குள் இடம் மாறியது. உள்பக்கம் கையுறை, வரைபடம், டோல் சில்லறை போட அறைகள் கிடைத்தன. முழங்காலும் கையும் காற்றிலிருந்து தப்பின. 1970-களில் அமெரிக்க நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போன வண்டிகளை எடுத்துக்கொண்டால், தயாரித்த கம்பெனி எதுவானாலும் முகம் பெரும்பாலும் வெட்டருடையதாக இருந்தது.

விண்ட்ஷீல்டின் உயரம் பற்றி ஓட்டுநர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த கணக்கு இன்றும் மாறவில்லை. மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பார்வை அதற்கு மேலாகப் போக, காற்று ஹெல்மெட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். ரொம்பக் குட்டையாக இருந்தால் சுழல்காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதி இரைச்சலும் தலைவலியும் தரும். ரொம்ப உயரமானால் மழையில் நனைந்த, பூச்சி ஒட்டிய பிளாஸ்டிக் வழியாகவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பெரிய ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் முதுகுப்பக்கக் காற்று ஓட்டுபவரை முன்னே தள்ளும் வினோதமும் உண்டு. கீழே சிறிய துவாரம் விட்டுக் கொஞ்சம் காற்றை உள்ளே அனுமதித்தால் அது அடங்கும்.

விண்ட்ஜாமர் பரவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹோண்டா களத்தில் இறங்கியது. 1969-இல் சி.பி.750 கொடுத்த வெற்றிக்குப் பிறகு, அதைவிடப் பெரிய வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று தேட 1972-இல் ஷோய்ச்சிரோ இரிமாஜிரி தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஆறு சிலிண்டர்கள் படுக்கையாகக் கிடக்கும் 1470 சிசி எஞ்சினோடு எம்1 என்ற மாதிரி வண்டியை அது உருவாக்கியது. அது விற்பனைக்கு வரவில்லை, ஆனால் வழி தெரிந்தது. தொஷியோ நொசுவே தலைமையில் உருவான ஜி.எல்.1000 ‘கோல்டுவிங்’ 1974-இல் கொலோன் கண்காட்சியில் அறிமுகமாகி 1975-இல் கடைகளுக்கு வந்தது.

அதன் அமைப்பைப் பகுதி பகுதியாகப் பார்த்தால் நெடும்பயணக்காரர்களை அது ஏன் ஈர்த்தது என்று புரியும். 999 சிசி எஞ்சின், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நான்கு சிலிண்டர். கனம் தாழ்வாக இருந்ததால் பெரிய வண்டியானாலும் வளைவில் தள்ளாடவில்லை. பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில் இருந்தது வெறும் பொய் டேங்க். அதைத் திறந்தால் கருவிப் பை, மின் இணைப்புகள், அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளும் கிக்கர். உண்மையான பெட்ரோல் சீட்டுக்கு அடியில் இருந்தது. எஞ்சினை ஆற்றத் தண்ணீர் ஓடியதால் கோடையிலும் ஒரே சீரான வெப்பம். தண்ணீர் உறை சத்தத்தையும் விழுங்கியது. செயினுக்குப் பதில் ஷாஃப்ட் இருந்ததால் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று எண்ணெய் விட வேண்டிய வேலை ஒழிந்தது. கிராங்க் நீளவாக்கில் சுழலும் எஞ்சின்களில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ஆல்டர்னேட்டரை எதிர்த்திசையில் சுழலவிட்டு ஹோண்டா அந்தச் சாய்வை அடக்கியது.

இவ்வளவும் செய்த கம்பெனி ஃபேரிங் கொடுக்கவில்லை. பெட்டிகளும் கொடுக்கவில்லை. நெடுந்தூரத்துக்கென்றே பிறந்ததுபோன்ற வண்டி, காற்றுத்தடுப்பு எதுவும் இல்லாமல் மொட்டையாக நின்றது. வாங்கியவர்கள் ஷோரூமிலிருந்து நேராக உதிரிப் பொருள் கடைக்குப் போனார்கள். விண்ட்ஜாமர், பக்கவாட்டுப் பெட்டிகள், பின்னால் ஒரு டிரங்க், கிராஷ் கார்டு, கால் நீட்டி வைக்க அதன் மேல் இன்னொரு ஜோடி ஃபுட்ரெஸ்ட், ரேடியோ என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1977-இல் அரிசோனாவில் கோல்டுவிங் ஓட்டுநர்களுக்கென்றே சங்கம் தொடங்கிய அளவுக்கு இந்தப் பழக்கம் பரவியது.

சேர்த்ததற்கெல்லாம் விலை உண்டு. பின்சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் தொங்கும் கனம் முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் விளக்கு மாட்டினால் பேட்டரி காலியாகும். அதனால் அனுபவசாலிகள் பெட்டி மாட்டும் முன்பே பின்பக்க ஷாக் அப்சார்பரைக் கடினமானதாக மாற்றினார்கள். முதலில் பெட்டியை மாட்டிவிட்டுப் பிறகு வண்டி ஆடுகிறது என்று அலைந்தவர்களே அதிகம்.

ஹோண்டா இதையெல்லாம் கவனித்தபடி இருந்தது. 1980-இல் எஞ்சின் 1085 சிசியாக வளர்ந்தபோது ‘இன்டர்ஸ்டேட்’ என்ற மாடலில் ஃபேரிங், பக்கவாட்டுப் பெட்டிகள், டிரங்க் மூன்றையும் கம்பெனியே பொருத்தி விற்றது. முன்னும் பின்னும் காற்றழுத்தத்தில் இயங்கும் சஸ்பென்ஷன் வந்ததால் சுமைக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. அதே ஆண்டு தயாரிப்பு ஓஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லுக்கு மாறியது. இந்த மாற்றம் பிறகு எதிர்பாராத லாபம் தந்தது. ஹார்லியைக் காப்பாற்ற 1983-இல் அமெரிக்கா 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளின் வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தியபோது, உள்நாட்டிலேயே தயாரான கோல்டுவிங் அதில் சிக்கவில்லை.

1982-இல் வந்த ‘ஆஸ்பென்கேட்’ பின்னால் உட்காருபவரைப் பற்றி யோசித்த வண்டி. முதுகுச் சாய்வு, அகன்ற சீட், பாட்டு என்று எல்லாம் அவருக்காக. இதுவே நல்ல வியாபார அறிவு. இருவர் போகும் பயணத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் பின்சீட்தான். 1984-க்குப் பிறகு மொட்டை மாடல் நிறுத்தப்பட்டது. ஹார்லி ஏற்கெனவே 1980-இல் எஞ்சினை ரப்பர் மேல் உட்காரவைத்து, ஃபேரிங்கைச் சட்டத்தில் மாட்டிய ‘டூர் கிளைடு’ வண்டியைக் கொண்டுவந்திருந்தது. யமஹா, கவாசாகி, சுசுகி மூன்றும் சில ஆண்டுகளுக்குள் இதே வடிவத்தில் போட்டி வண்டிகள் விட்டன.

ஜெர்மனியில் கதை வேறு திசையில் போனது. பி.எம்.டபிள்யூ. 1976-இல் ஆர்100 ஆர்.எஸ். வண்டியின் ஃபேரிங்கை இத்தாலியின் பினின்ஃபரீனா காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கியது. வேக வரம்பற்ற ஆட்டோபான் நெடுஞ்சாலையில் உடம்பைச் சற்று முன்சாய்த்து ஓட்டுபவருக்கான வண்டி அது. எடை குறைவு, பெட்டிகள் கழற்றி மாட்டும் வகை. அமெரிக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஜெர்மானியர் குனிந்தார். எது வசதி என்பதற்கு ஒரே விடை இல்லை என்பதை இரண்டு நாட்டுச் சாலைகளும் சேர்ந்து காட்டின.

பிறகு நடந்தது பெரும்பாலும் பெருக்கம். 1988-இல் கோல்டுவிங் 1520 சிசி, ஆறு சிலிண்டர் ஆயிற்று. ஆள் தள்ள முடியாத அளவுக்குக் கனத்துப்போனதால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு பின்னோக்கி நகரும் வசதி கொடுக்க வேண்டி வந்தது. 2001-இல் 1832 சிசி, அலுமினியச் சட்டம். 2006-இல் ஏர்பேக். 2018-இல்தான் போக்கு திரும்பியது. முன்பக்கத்தில் ஃபோர்க்குக்குப் பதில் இரட்டை விஷ்போன் அமைப்பு வந்தது, எடை ஏறக்குறைய 40 கிலோ குறைந்தது, பெட்ரோல் டேங்கும் சிறிதாயிற்று. பின் டிரங்க் இல்லாத மாடல் ஒன்றும் மீண்டும் விலைப்பட்டியலில் இடம்பிடித்தது.

கம்பெனிகளால் முழுதாகத் தீர்க்க முடியாத ஒன்று சீட். உட்காரும்போது உடம்பின் எடையை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்புகளே தாங்குகின்றன. மென்மையான ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்கும் ஐந்து நிமிடத்துக்கு இதமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது நசுங்கி, எலும்பு அடித்தட்டில் முட்டும். சற்றே கடினமான, அகன்ற, தொடையையும் தாங்கும் சீட்டில்தான் எடை பரவும். அமெரிக்காவில் கோர்பின் சீட்டுகளும், பக்கங்களில் சிறகு விரித்த ரஸ்ஸல் ‘டே-லாங்’ சீட்டும் இந்தக் கணக்கில்தான் பிழைத்தன. 24 மணி நேரத்தில் 1000 மைல் ஓட்டுவதை நுழைவுத் தேர்வாக வைத்திருக்கும் அயர்ன் பட் அசோசியேஷன் ஓட்டுநர்களிடையே சீட்டை மாற்றாதவர் குறைவு. சிலர் அதன் மேல் ஆட்டுத்தோலைக் கம்பளியோடு விரித்துக்கொள்கிறார்கள். அடியில் காற்று ஓடி வியர்வை காய்கிறது. சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் மூன்றுக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வோர் உடம்புக்கும் மாறுகிறது. சராசரி உயரத்துக்குத் தயாரிக்கும் தொழிற்சாலையால் அதை அளக்க முடியாது. ஆகவே லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டியின் சீட்டைக் கழற்றித் தையல்காரரிடம் கொடுப்பது இன்றும் எல்லா நாட்டிலும் நடக்கிறது.