பக்கவாட்டிலும் உருளும் சக்கரம்

நான்கு ரப்பர் சக்கரங்கள் பூட்டிய ரோபோ நின்ற இடத்திலேயே திரும்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? தரையை உரசித் துள்ளும். திரும்பும்போது ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர வேண்டும். ரப்பர் அதற்கு விடாது.

இதற்கான விடை நம் தாத்தா பாட்டிகளைவிட மூத்தது. 1919இல் கிராபோவியெட்ஸ்கி என்பவர் அமெரிக்காவில் ஒரு வண்டிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் விளிம்பைச் சுற்றிலும் சின்னச் சின்ன உருளைகள். சக்கரம் முன்னும் பின்னும் உருளும். உருளைகள் பக்கவாட்டில் உருளும். இதைத்தான் இன்று ஆம்னி சக்கரம் என்கிறோம். 1970களில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெங்ட் இலோன் உருளைகளை 45 பாகை சாய்த்து மெக்கானம் சக்கரத்தை உருவாக்கினார்.

1992இல் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் ரோபோ போட்டி தொடங்கியது. இத்தகைய போட்டிகளால் இந்தச் சக்கரங்கள் பள்ளி மாணவர்களின் கைக்கும் வந்தன. அங்கேதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது: பக்கவாட்டில் எளிதாக நகரும் ரோபோவை எதிரணியும் எளிதாகத் தள்ளிவிடும்!

அதனால் ஆறு சக்கர ரோபோவில் பல அணிகள் மூலைகளில் மட்டும் ஆம்னி பூட்டுகின்றன, நடுவில் ரப்பர். ரோபோ தன் நடுவைச் சுற்றித் திரும்பும்போது நடுச் சக்கரங்கள் உரசுவதில்லை. யாராவது பக்கத்திலிருந்து தள்ளினால் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் அணி சக்கரம் வாங்குவதற்கு முன் கேளுங்கள்: நம் ரோபோ எங்கே வழுக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும்?