குதிமுள்ளும் குலப்பெருமையும்

குதிரை ஏறுவோன் தன் குதிகாலிற் பூட்டிக்கொள்ளும் சிறு இரும்பு முள்ளுக்குக் குதிமுள் என்று பெயர். அது ஒரு கருவி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆயினும் ஐரோப்பாவின் இடைக்காலச் சரித்திரத்தைப் புரட்டுவோமாயின், இச் சிறு முள்ளே மக்களை மேலோர் என்றும் கீழோர் என்றும் பிரித்துக் காட்டும் அடையாளமாய் நின்றதைக் காண்போம்.

ரோமர் காலத்திலேயே குதிமுள் வழக்கில் இருந்தது. ஒரு கையில் ஈட்டியும், மறு கையிற் கேடயமும் கடிவாள வாரும் தாங்கிய வீரனுக்குக் குதிரையை முடுக்கக் குதிகாலே உதவிற்று. முதலில் அது ஒற்றை முனையுடைய ஆணி போன்றிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் நுனியிற் சுழலும் முட்சக்கரம் தோன்றி, அடுத்த நூற்றாண்டில் எங்கும் பரவியது.

கருவி விருதாக மாறியது எவ்வாறு? ஒருவனுக்கு 'நைட்' பட்டம் அளிக்கும் சடங்கில் வாளை இடையிற் கட்டுவர். குதிமுள்ளைக் காலிற் பூட்டுவர். பொன் முலாம் பூசிய குதிமுள் நைட்டுகளின் சின்னமாயிற்று. பட்டம் இழப்போன் காலினின்று அதை வெட்டி எறிவதும் உண்டு. 1323-இல் இங்கிலாந்தில் கார்லைல் பிரபுவாகிய ஆண்ட்ரூ ஹார்க்ளே இராஜத் துரோகி என்று தீர்ப்புப் பெற்றான். முதலிற் பறிபோனது அவனது குதிமுள், பின்னரே உயிர்!

இந்தப் பெருமையின் வலிமை எத்தகையது என்பதை 1302-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி உலகம் கண்டது. இன்றைய பெல்ஜியத்தின் ஒரு பகுதியாகிய பிளாண்டர்ஸ் நாட்டார் பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பின் ஆட்சியை எதிர்த்தெழுந்தனர். கோர்ட்ரை நகரருகே இரு படைகளும் சந்தித்தன. பிளாண்டர்ஸ் படைக்குத் தலைமை தாங்கியோர் பிரபு குலத்தவரே எனினும், அணியில் நின்றோர் பெரும்பாலும் நெசவாளரும் பிற தொழிலாளருமே. கால்நடையாய் நின்ற அவர்கள் கையில் நீண்ட ஈட்டியும், இரும்பு முனை செருகிய தடியும் இருந்தன.

பிரெஞ்சுக் குதிரை வீரர் ஓடைகளைக் கடந்து வந்தனர். சேற்று நிலத்தில் குதிரைகளின் வேகம் குன்றிற்று. முள்ளால் எவ்வளவு குத்தினும் குதிரை என் செய்யும்? ஈட்டி வரிசை கலையவில்லை. படைத்தலைவன் ஆர்த்துவா பிரபு ராபர்ட்டும், அவனோடு எண்ணற்ற பிரபுக்களும் மாண்டனர். வென்றோர் களத்திற் பொறுக்கிய பொற்குதிமுட்கள் ஏறக்குறைய 500 இணை என்பர். அவற்றை நகர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டனர். அதனாலேயே அது பொற்குதிமுட் போர் எனப்படலாயிற்று.

இன்னொன்றும் நாம் மறத்தலாகாது. புரூஜ் நகர நெசவாளி பீட்டர் டி கோனிங்க் என்பவருக்குப் போர்க்களத்திலேயே நைட் பட்டம் சூட்டப்பட்டது. தறியில் உழைத்த கால் குதிமுள் தரிக்கத் தகாததன்று என்பதைப் பிரபுக்களே ஒப்புக்கொண்டனர் அல்லவா?

ஆனால் செருக்கு எளிதில் மாள்வதில்லை. 80 ஆண்டுகள் கழித்து, 1382-இல், பிளாண்டர்ஸ் மக்களை முறியடித்த பிரெஞ்சுப் படை அக்குதிமுட்களை மீட்டுக்கொண்டு கோர்ட்ரை நகருக்குத் தீயிட்டது. காலில் அணியும் பொருளுக்கு மானத்தை அடகு வைத்தோர், அதன் பொருட்டு ஓர் ஊரையே எரிக்கவும் துணிந்தனர்.

ஜூலை 11 இன்று பிளாண்டர்ஸ் மக்களின் திருநாள். கருவியைக் குலத்தின் சின்னமாக்குவது மனிதன். அச்சின்னத்தைக் கழற்றி எறிய வல்லவனும் அவனே. இதுவே அத்திருநாள் நமக்குக் கூறும் பாடம்.