தமிழ்த் திரைப்படங்களில் மதியிறுக்கம்

மதியிறுக்கம் அல்லது ஆட்டிசம் என்பது சமூகத் தொடர்பாடல், மொழி, புலனுணர்வு, நடத்தை ஆகியவற்றில் வேறுபாடுகளைத் தோற்றுவிக்கும் நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒரு நிலையாகும். 1943 இல் லியோ கானர் என்னும் மருத்துவர் இதனை முதன்முதலில் விரிவாக விளக்கினார். தமிழ்த் திரைப்படங்களில் இந்நிலை பெயர் குறிப்பிடப்பட்டுச் சித்தரிக்கப்படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

பெயர்

தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழக்கில் "புறஉலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்" என்னும் தொடர் பயன்படுத்தப்படுகின்றது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் பெற்றோர் பலர் அடையாள அட்டை, உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போதே இச்சொல்லை எதிர்கொள்கின்றனர். இத்தொடர் பொருத்தமானதன்று எனலாம். மதியிறுக்கமுடையோர் பலர் புறவுலகின் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உணர்கின்றனர். "தனி உலகில் வாழ்பவர்" என்னும் இதே கருத்தே திரையிலும் காணப்படுகின்றது.

தொடக்ககாலச் சித்தரிப்பு

பழைய திரைப்படங்களில் அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், மனநோய் ஆகியன வேறுபடுத்தப்படாமல் நகைச்சுவைக்கோ இரக்கத்துக்கோ பயன்பட்டன. மணிரத்னத்தின் அஞ்சலி (1990) இத்தகைய குழந்தையைக் குடும்பத்தின் உறுப்பினராகக் காட்டியது. ஏ. எல். விஜய் இயக்கிய தெய்வத்திருமகள் (2011) குழந்தையின் அறிவுத்திறன் கொண்ட தந்தையொருவரைப் பற்றியது. இவ்விரு படங்களும் அறிவுத்திறன் குறைபாட்டைப் பற்றியவை. ராம் இயக்கிய பேரன்பு (2019) மூளை முடக்குவாதமுடைய பெண்ணின் கதையாகும். இவற்றை மதியிறுக்கப் படங்கள் எனச் சிலர் கருதுவது தவறு.

ஹரிதாஸ்

ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கத்தில் 2013 இல் வெளிவந்த ஹரிதாஸ், மதியிறுக்கத்தை மையப்பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்களுள் முதன்மையானது. (1944 இல் வெளிவந்த தியாகராஜ பாகவதரின் ஹரிதாசுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) காவல்துறை அதிகாரியாகக் கிஷோரும், அவரது மகனாகப் பிருத்விராஜ் தாசும், ஆசிரியையாகச் சினேகாவும் நடித்துள்ளனர். ஒளிப்பதிவு இரத்தினவேலு.

பாட்டியிடம் வளர்ந்த சிறுவனைத் தந்தை தாமே வளர்க்க நேர்கின்றது. சிறுவனைக் குணப்படுத்துவது கதையின் நோக்கமாக இல்லை. மகனைப் புரிந்துகொள்ளத் தந்தைதான் மாறுகிறார். கண்ணோடு கண் நோக்காமை, பேச்சின்மை ஆகியனவும் மிகையின்றிக் காட்டப்படுகின்றன. குதிரையின் ஓட்டத்தில் சிறுவன் கொள்ளும் ஈர்ப்பைக் கண்டு தந்தை அவனை ஓட்டப்பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்துகிறார். மதியிறுக்கமுடைய இளைஞர் நெடுந்தொலைவு ஓடுவதைக் கூறும் தென்கொரியப் படமான மாரத்தான் 2005 இலேயே வெளிவந்தது.

சாதனை என்னும் சிக்கல்

பாரி லெவின்சன் இயக்கிய ரெயின் மேன் (1988) மதியிறுக்கத்தை உலகெங்கும் அறியச் செய்தது. ஆயினும் மதியிறுக்கமுடையோர் அனைவரும் கணக்கில் மேதைகள் என்னும் எண்ணமும் அதனாலேயே பரவிற்று. அக்கதைமாந்தருக்குத் தூண்டுதலாயிருந்த கிம் பீக் மதியிறுக்கமுடையவர் அல்லர் எனப் பின்னர்க் கருதப்பட்டது. ஹரிதாசும் ஓரளவு இவ்வழியிலேயே செல்கின்றது. பந்தயத்தில் ஓடாத, எதிலும் வெல்லாத குழந்தையின் பெற்றோருக்கு இத்தகைய முடிவு ஆறுதலாகவும் அமையலாம், சுமையாகவும் அமையலாம். வளர்ந்தோரும் பெண்களும் இவ்வகைக் கதைகளில் அரிதாகவே காணப்படுகின்றனர். இந்தியில் பர்பி (2012) என்ற படத்தில் பிரியங்கா சோப்ரா ஏற்ற வேடம் இதற்கு விதிவிலக்காகும். எழுத்தில் யெஸ். பாலபாரதியின் துலக்கம் என்னும் புதினம் மதியிறுக்கமுடைய சிறுவனை மையமாகக் கொண்டது.

சட்டமும் நடிகர் தேர்வும்

1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் மதியிறுக்கம் இடம்பெறவில்லை. 1999 இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதனை உள்ளடக்கியது. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொற்களையும் ஒரேமாதிரியான சித்தரிப்பையும் தவிர்க்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் நெறிமுறைகளை வகுத்தது. படைப்பாளிகள் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

மேற்கூறிய படங்களில் இவ்வேடங்களை ஏற்றோர் இந்நிலை இல்லாத நடிகர்களே. தமிழ் இயக்குநர் ஆர். எஸ். பிரசன்னா இந்தியில் இயக்கிய சிதாரே சமீன் பர் (2025) என்ற படத்தில் நரம்பியல் வேறுபாடுடைய பத்துப் பேர் தாமே நடித்துள்ளனர்.