வட்டுத் தொகுப்புத் திட்டமிடலின் வரலாறு

கணினியில் இணைக்கப்பட்ட பல வன்தட்டுகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்துப் பயன்படுத்தும் அமைப்பு வட்டுத் தொகுப்பு எனப்படும். கணினித் துறையினர் இதை டிஸ்க் பூல் என்பர். எத்தனை தட்டுகளைச் சேர்ப்பது, எந்தத் தரவை எங்கே வைப்பது, ஒரு தட்டு பழுதானால் இழப்பு எதுவரை பரவும் என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்வது அதன் திட்டமிடல் ஆகும். நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டியில் ஒருவர் கைபேசி வழியே ரயிலில் படுக்கை முன்பதிவு செய்தால், அப்பதிவு போய்ச் சேர்வதும் தொலைவிலுள்ள இத்தகைய தட்டுகளில்தான்.

தொடக்கக் காலம்

ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்திலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. அதற்குப் பின் பல ஆண்டுகள், எந்தக் கோப்பு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதை மனிதர்களே தீர்மானித்து வந்தனர்.

1978இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/38 இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தது. அது தரவைத் துண்டுகளாக்கி எல்லாத் தட்டுகளிலும் பரப்பி வைத்தது. வேலை விரைவாக நடந்தது. ஆனால் ஆபத்தும் கூடியது. உரிய பாதுகாப்பு இல்லாத நிலையில் ஒரு தட்டு கெட்டால், மற்றத் தட்டுகளில் இருந்த தரவும் முழுமை இழந்தது. அனைத்தையும் காந்த நாடாவிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது.

பிரித்து வைத்தலும் இரட்டித்தலும்

இதற்கு இரண்டு தீர்வுகள் வளர்ந்தன. முதலாவது, தட்டுகளைத் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரிப்பது. ஒரு தொகுப்பில் நேரும் பழுது அடுத்ததைத் தொடாது. ஐபிஎம் இம்மரபில் 2001இல் தற்சார்புத் தொகுப்புகளை அறிமுகப்படுத்தியது. கணினியை நிறுத்தாமலே இத்தகைய தொகுப்பைக் கழற்றவும் சேர்க்கவும் முடியும். கணினிக் கொத்தாக இருந்தால், ஒரு கணினி நின்றதும் அதன் தொகுப்பை மற்றொரு கணினிக்கு மாற்றலாம்.

இரண்டாவது, தரவை மிகையாக எழுதி வைப்பது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இம்முறைகளை ரெய்டு என்ற பெயரில் வகைப்படுத்தியது. ஒரு டெராபைட் அளவுள்ள 8 தட்டுகளை இணை இணையாக நகலெடுத்தால் 4 டெராபைட் மட்டுமே பயன்படும். ஒற்றைச் சமநிலைத் தகவலை மட்டும் சேர்த்து எழுதினால் 7 டெராபைட் கிடைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகள் பழுதானால் தரவு மீளாது.

இந்திய ரயில்வே

கொத்துக் கணினிகளுக்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ரயில்வே முன்பதிவு. டெல்லியில் 1985இல் தொடங்கிய கணினி முன்பதிவு, பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் விரிந்தது. ஒவ்வொரு மையமும் தன் பொறுப்பிலுள்ள ரயில்களின் தரவைத் தனியே வைத்துக்கொண்டது. 1999இல் ஐந்து மையங்களும் கான்சர்ட் மென்பொருளால் பிணைக்கப்பட்டன. அதன்பின் சென்னை மையத்தைச் சேர்ந்த முனையத்திலிருந்து கொல்கத்தா மையத்து ரயிலுக்கும் இடம் பெற முடிந்தது. தரவு பிரிந்தே இருந்தது, சேவை ஒன்றானது.

2021 மார்ச் 8 அன்று கொல்கத்தா ஸ்ட்ராண்ட் சாலையிலுள்ள ரயில்வே அலுவலகக் கட்டடத்தில் தீப்பற்றி ஒன்பது பேர் உயிரிழந்தனர். மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் அங்கிருந்த முன்பதிவுக் கணினிகள் நின்றன. கிழக்கு இந்தியாவில் பயணச்சீட்டுப் பதிவு தடைப்பட்டது. ஒரே கட்டடத்துக்குள் எத்தனை நகல்கள் இருந்தாலும், அக்கட்டடத்துக்கு நேரும் விபத்திலிருந்து அவை காக்கா என்பதை இந்நிகழ்வு காட்டியது.

திட்டமிடலின் அடிப்படை

தனிக் கணினிக்கும் கொத்துக் கணினிக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. இயங்குதளத்தையும் பயனர் தரவையும் வெவ்வேறு தொகுப்புகளில் வைக்க வேண்டும். தொகுப்பு நிரம்பும் முன்பே புதிய தட்டுகளைச் சேர்க்க இடம் விட வேண்டும். நகல் தட்டைக் காப்புப் பிரதியாகக் கருதக் கூடாது. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு இரண்டு தட்டுகளிலும் ஒருசேர அழியும். ஆகவே வேறோர் ஊரில் தனிக் காப்புப் பிரதி ஒன்று எப்போதும் தேவை.