சாஸ்திரமும் சர்க்காரும் – சாரதா சட்டம் சொல்லும் பாடம்

"மத விஷயத்தில் சர்க்கார் தலையிடலாமா?" நாளிதழ்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓயாமல் எழும் கேள்வி இது. கோயில் நிர்வாகம், பொது சிவில் சட்டம், வழிபாட்டு உரிமை என்று விஷயம் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பெண்களின் திருமண வயதை 18-லிருந்து 21 ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் லோக்சபாவில் அறிமுகமானதும், 2024-இல் அந்த சபை கலைந்தபோது அது காலாவதியானதும் அன்பர்கள் அறிந்ததே.

இதே கேள்வி, இதே திருமண வயதை முன்னிட்டு, 130 ஆண்டுகளுக்கு முன்பே நம் தேசத்தை இரண்டுபடச் செய்தது. நம் சமூகத்தவர் அதில் இரு பக்கமும் இருந்தார்கள். உத்தியோக நிமித்தம் கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று பல ஊர்களில் வசித்தவன் நான். இந்த சரித்திரத்தின் சுவடுகள் அந்த ஊர்களிலெல்லாம் இருப்பதால் ஆர்வத்துடன் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

கல்கத்தாவில் ஒரு மரணம்

1890-இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, முப்பது வயதைத் தாண்டிய தன் கணவனால் ஏற்பட்ட காயத்தால் இறந்துபோனாள். 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது பத்து. அவள் அதைத் தாண்டியிருந்ததால் பெரிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. சிறு குற்றத்துக்கான தண்டனையோடு கணவன் தப்பினான்.

இதன் விளைவாக 1891 மார்ச்சில் சம்மத வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. கல்யாணம் எந்த வயதில் நடக்கலாம் என்பதை அந்தச் சட்டம் தொடவே இல்லை. சிறுமியான மனைவியைக் கணவன் தீண்டக்கூடாது என்பது மட்டுமே அதன் சாரம். அதற்கே "தர்மம் போயிற்று" என்று தேசமெங்கும் கூட்டங்கள் நடந்தன.

பூனாவில் பாலகங்காதர திலகர் இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அவர் பால்ய விவாகத்தை ஆதரித்தவர் அல்லர். பெண்ணுக்கு 16, பிள்ளைக்கு 20 வயது ஆகும்முன் கல்யாணம் செய்வதில்லை என்று சீர்திருத்தம் பேசுவோர் முதலில் தாங்களே விரதம் எடுத்துக்கொள்ளட்டும் என்று 1890-இல் யோசனை சொன்னவர் அவர். அந்நிய சர்க்கார் நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதே அவர் வாதம். மறுபக்கம், சம்ஸ்கிருத மகாபண்டிதரான ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர், ஸ்மிருதி வாக்கியங்களை ஆராய்ந்து, இந்தச் சட்டம் சாஸ்திரத்துக்கு விரோதமில்லை என்று 1891-இல் எழுதினார். இருவரும் படித்தது ஒரே சாஸ்திரம்தான்.

மைசூரில் ஒரு திவான்

பெங்களூரில் சேஷாத்ரிபுரம் என்ற பேட்டையைத் தெரியாதவர் இல்லை. பாலக்காட்டைச் சேர்ந்த சர் கே. சேஷாத்ரி ஐயரின் பெயரால் அமைந்தது அது. அவர் மைசூர் திவானாக இருந்தபோது, 1894-இல், எட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் விவாகத்தைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஆண், பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் அது தடுத்தது. பரோடா சமஸ்தானம் 1904-இல் பெண்ணுக்கு 12, பிள்ளைக்கு 16 என்று விதித்தது. ஆக, நம்மவர் ஆண்ட இடங்களிலேயே இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. அந்நியர் தலையீடு என்ற வாதம் அங்கே செல்லாது.

சென்னையில் நம்மவர்

'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரும் 'சுதேசமித்திரன்' ஸ்தாபகருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், சிறுவயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு, 1889 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடிய சமயத்தில் மறுமணம் செய்வித்தார். உறவினரும் ஊராரும் அவரை ஒதுக்கினார்கள். அதைத் தாங்கிக்கொண்டார்.

பெண் ருதுவான பிறகு நடக்கும் விவாகமும் செல்லும் என்று அறிவிக்கக் கோரி, மகாகனம் வி.எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் 1914-இல் சென்னை சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். கட்டாயப்படுத்த அல்ல, காத்திருக்க விரும்பும் பெற்றோருக்கு இடம் தருவதற்காக மட்டும். அதுகூட நிறைவேறவில்லை.

பதினொரு வயதில் மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தவர் மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி. அவர் தந்தை மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் பி.ஏ. தேறிய அவர், அடுத்த ஆண்டே பால்ய விதவைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். பின்னர் அது கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் வளர்ந்தது. பெற்றோர் தயங்காமல் பெண்களை அனுப்ப வேண்டும் என்பதற்காக, ஆசார அனுஷ்டானங்களை அங்கே குறைவின்றி நடத்தினார். அந்தப் பெண்களில் பலர் ஆசிரியைகளாகத் தம் காலில் நின்றார்கள்.

அஜ்மீரிலிருந்து வந்த மசோதா

1927-இல் மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்த ஹர் பிலாஸ் சாரதா அஜ்மீர்க்காரர். இந்துக்களின் மேன்மையைப் பற்றி 1906-இல் தனி நூலே எழுதியவர். அவரை மத விரோதி என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த மசோதா, பிறகு எல்லா மதத்தினருக்கும் பொதுவாயிற்று. சர் மோரோபந்த் ஜோஷி தலைமையிலான கமிட்டி தேசமெங்கும் சாட்சியம் பெற்றது. பெண்கள் சங்கங்கள் மசோதாவுக்காக முன்வந்து பேசின. நம் மாகாணத்திலிருந்து சென்ற எம்.கே. ஆசார்யா சபையில் கடுமையாக எதிர்த்தார். 1929 செப்டம்பரில் நிறைவேறிய சட்டம், பெண்ணுக்கு 14, பிள்ளைக்கு 18 என்று விதித்து, 1930 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று.

இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது? எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். தஞ்சை ஜில்லா கிராமத்தில், அந்தத் தை, மாசி முகூர்த்தங்களில் ஒரே தெருவில் ஏழு கல்யாணமாம். நாயனக்காரர் ஒரு பந்தலிலிருந்து அடுத்த பந்தலுக்கு ஓடினாராம். அந்த ஏழில் ஒரு மணப்பெண் எங்கள் பாட்டி. வயது ஒன்பது. தேசமெங்கும் இதே கதைதான். 1931 ஜனக்கணக்கில் பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவிகளின் தொகை முன்னைவிட அதிகரித்திருந்தது. ஏப்ரலுக்குப் பிறகும், சட்டம் செல்லாத சமஸ்தானங்களுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் போய்த் தாலி கட்டியவர்கள் உண்டு.

சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. அதிகபட்ச தண்டனை ஒரு மாத வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் அபராதம். யாராவது கோர்ட்டில் புகார் செய்தால்தான் வழக்கு. நடந்த விவாகம் செல்லாது என்றும் சட்டம் சொல்லவில்லை.

எங்கள் பாட்டிக்கு நல்ல வாழ்க்கை அமைந்தது. அதே வீட்டில் இருந்த அத்தைப்பாட்டிக்கு அமையவில்லை. பன்னிரண்டு வயதில் எல்லாம் முடிந்தது. பிறகு அறுபது வருஷம் நார்மடிப் புடவையும் இரண்டாங்கட்டும்தான் உலகம். தெருவில் யாருக்குப் பிரசவமானாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் என் உபநயனத்தன்று அவள் கூடத்துக்கு வரவில்லை. பக்ஷணம் முழுவதும் அவள் கைப்பட்டது.

நாம் அறிய வேண்டியது

எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம் தர்மத்தை நாமே திருத்திக்கொள்வோம், சர்க்கார் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1891-க்கும் 1929-க்கும் இடையே 38 ஆண்டுகள் கையில் இருந்தன. அவற்றில் திருத்திக்கொண்டவர்கள் மிகச் சிலரே. நாம் செய்யாமல் விட்ட இடத்தில்தான் சட்டம் வந்தது. உள்ளிருந்து திருத்துவோம் என்பவருக்கு உள்ளே எதையாவது திருத்திக் காட்டும் கடமை உண்டு. திலகர் கேட்டதும் அதைத்தான்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் இதுவே அத்தாட்சி. 1978-இல் வயது 18, 21 என்று உயர்ந்தது. ஆயினும் 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 47 சதவீதம் பேர் 18 வயதுக்குமுன் மணமானவர்கள். 2019-21 ஆய்வில் அது சுமார் 23 சதவீதமாகக் குறைந்தது. நம் குடும்பங்களில் பால்ய விவாகம் ஒழிந்ததற்கும், சட்டத்தைவிடப் பெண்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனதே முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். அதனால் தர்மம் அழிந்துவிடவில்லை. சப்தபதியின் ஏழாவது அடியில் வரும் தோழமை என்ற சொல், ஒன்பது வயதுப் பெண்ணைவிட இன்றைய மணப்பெண்ணுக்கே பொருந்துகிறது.

இன்றும் நம் கையில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கணவரை இழந்த தாய், தான் பெற்று வளர்த்த பெண்ணின் கல்யாணத்தில் தூண் ஓரமாக நிற்பதை நம் மண்டபங்களில் இன்னும் பார்க்கிறேன். தாரை வார்ப்பவர் யார் என்பதை வாத்தியார் சொல்லட்டும். அந்தத் தாய் முன்வரிசையில் அமர்ந்து, அக்ஷதை போட்டு ஆசீர்வதிப்பதைத் தடுப்பது சாஸ்திரமா, வெறும் வழக்கமா என்று அவரிடமே கேளுங்கள். இதற்கு எந்த சர்க்காரும் சட்டம் போடப் போவதில்லை, போடவும் வேண்டாம். அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அச்சடிக்கும் முன், அவரவர் அகத்தில் பேசி முடிவு செய்துவிடலாம்.